அப்பா பாதியில் விட்ட நாவல்

டப்ளின்

அம்மாவுக்கு, தேன்மொழி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நேற்று டிராமில் ஒரு விண்வெளி நாவலை முடித்தேன். நாயகன் கப்பலில் நாற்பது வருடம் உறங்குகிறான். அடுத்த பக்கத்திலேயே விழித்துக்கொள்கிறான். ஊரில் காத்திருந்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. எரிச்சலில் கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டுக்காரியிடம் ஜலதோஷம் என்றேன்.

நாற்பது வருடம் கழித்து எழுந்த அத்தி வரதரைப் பார்க்க வரிசையில் நின்றபோது, அப்பா சிரித்துக்கொண்டே, "அடுத்த தபா அவரு குளத்துலேர்ந்து வர்றப்போ நான் இருக்க மாட்டேன்மா, எனக்கும் சேத்து நீ பாத்துக்கோ" என்றாரே, அந்த ஒரு வரியை எந்த எழுத்தாளரும் எழுதவில்லை. அப்பா காரியத்துக்குக்கூட என்னால் வர முடியவில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அப்பா பாதியில் விட்டுப்போன மாயாஜால நாவலை அனுப்பு. அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட்டை எடுத்துவிடாதே. நானும் அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

உன் தேன்மொழி