சங்கு ஊதியபோது நின்ற புள்ளிகள்

இதைத் திறந்தவர் தயவுசெய்து தாம் மட்டும் படிக்கவும். அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டாம். எங்கள் ஊரைச் சேர்ந்த எவருக்கும், அவர் தங்கள் அலுவலகத்திலேயே பணிபுரிபவராக இருந்தாலும், காட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அனுப்புநர்:
பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி,
வாய்தோலு கிராமம், உபோலு தீவின் தென்கரை.

பெறுநர்:
உயர்திரு அலுவலர்,
சுனாமி எச்சரிக்கை வரைபடப் பிரிவு,
ஆபியா, சமோவா.

பொருள்: எங்கள் ஊரின் சுனாமிக் கூடுமிடம் பொது வரைபடத்தில் பள்ளத்தில் குறிக்கப்பட்டுள்ளது, வரும் வெள்ளிக்கிழமை அங்கே பலகை நடுவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் எங்கள் ஊரில் சுனாமி ஒத்திகை நடந்தது. அதற்காகத் தங்கள் அலுவலகம் நாற்பது பேரின் கைப்பேசிகளில் ஒரு செயலியை ஏற்றித் தந்தது. நாங்கள் எங்கே போனோம், எங்கே நின்றோம் என்பதை அது புள்ளிகளாகப் பதிந்து அனுப்பியது. அலுவலர் யாரும் நேரில் வரவில்லை. புள்ளிகளில் பெரும்பாலானவை தேவாலயத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் கூடி நின்றதை ஆபியாவிலிருந்து பார்த்து, "மக்கள் அனைவரும் கூடுமிடத்தை அடைந்து அமைதி காத்தனர்" என்று பாராட்டி, அந்த இடத்தையே வரைபடத்தில் கூடுமிடமாகக் குறித்துவிட்டீர்கள். பாதிரியார் அதைத் தேவாலயத்தில் வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

2. அது மேடு அல்ல, ஐயா. பள்ளம். நான் பிறப்பதற்கு முன் வந்த சுனாமியில் தேவாலயத்தின் மணி அந்தப் பள்ளத்துச் சேற்றில்தான் கிடைத்தது.

3. நடந்தது இதுதான். காலையில் வைத்த ஒத்திகை மழையால் மாலைக்குத் தள்ளிப்போனது. மேட்டுக்குப் போகும் பாதை என் தாய்மாமன் அபேலுவின் சேம்புத் தோட்டத்தின் வழியாகப் போகிறது. சேம்பைத் திருடுகிறார்கள் என்று மாமா கம்பி வேலி போட்டு, கதவைப் பூட்டி வைத்திருக்கிறார். அன்று அவர் சாவியோடு ஆபியா போயிருந்தார். வேலிக்குக் கீழே, பள்ளத்தில், வேறு வழி தேடி ஊரே அங்குமிங்கும் அலைமோதிக்கொண்டிருந்தது. "யாராவது அபேலுவுக்கு போன் போடுங்கப்பா!" என்று ஒருவர் கத்த, "அவரு போன எடுத்துட்டாலும்!" என்று இன்னொருவர் சிரித்தார். அப்போது மாலைப் பிரார்த்தனைச் சங்கு ஊதியது.

4. சங்கு ஊதினால் எங்கள் ஊரில் நடப்பவர் நின்றுவிடுவார், நிற்பவர் உட்கார்ந்துவிடுவார். நடமாடுபவர்களைத் தடுக்கச் சாலையோரம் இளைஞர்கள் தடியோடு நிற்பார்கள். அன்றும் நாங்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து பாடினோம். பிரார்த்தனை முடிந்து அடுத்த சங்கு ஊதியபோது இருட்டிவிட்டது. அவரவர் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டோம். மேட்டுக்கு ஒருவர்கூட ஏறவில்லை. கணினிக்குச் சங்கு கேட்காது, ஐயா. நாங்கள் ஜெபத்துக்கு நின்றதைப் போய்ச் சேர்ந்ததாக அது எடுத்துக்கொண்டது.

5. இதை நான் பிறகுதான் கண்டுபிடித்தேன். பூகோள ஆசிரியை லோசா, எங்கள் கைப்பேசிகளில் சேர்ந்திருக்கும் சொந்த இருப்பிடப் பதிவை எடுத்துப் பொது வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். என் கோடு வீடு, பள்ளி, கடை, குளிக்கும் சுனை என்று போயிற்று. ஆனால் தினமும் மாலையில் அது எங்கேயாவது ஒரு முடிச்சு போட்டது. ஒருநாள் பாலத்தின் மேல். ஒருநாள் நடுச்சாலையில், துவைத்த துணிக் கூடையோடு. எல்லாம் சங்கு ஊதும் வேளை. ஒத்திகை நாளில் முடிச்சு அந்தப் பள்ளத்தில் இருந்தது.

6. உடனே தாங்கள் பொதுவில் வெளியிட்ட நாற்பது பேரின் புள்ளிகளையும் திறந்தேன். ஓரிடத்துக்கு ஓடி வருபவர்களில் முந்துபவர் உண்டு, பிந்துபவர் உண்டு. இந்தப் புள்ளிகளோ ஒரே நேரத்தில் நின்றிருக்கின்றன; பின்தங்கியவர்கள் வழியிலேயே நின்றிருக்கிறார்கள். தாங்களும் அந்தக் கோப்பைத் திறந்தால் இதைக் காணலாம். ஒரு புள்ளி மட்டும் நிற்காமல் வட்டமடிக்கும். அது அம்மாவின் கைப்பேசியோடு பன்றிக்குட்டியைத் துரத்திய என் தம்பி பெனி. ஒரு தடிக்காரர் காதைத் திருகி உட்கார வைத்ததும் அதுவும் நின்றுவிடுகிறது.

7. ஆசிரியையிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீ சொல்றது சரிதான்டி. ஆனா நான் இந்த ஊருக்கு வாழ வந்தவ. உங்க மாமா விட்ட இடத்துலதான் குடியிருக்கேன். என்னை இழுக்காதே" என்றார். அவர்மீது குறை சொல்லவில்லை.

8. மாமாவிடமும் சொன்னேன். முதலில் சிரித்தார். "ஏன்டி, சாமி கும்பிட்டது ஒரு குத்தமா?" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாமா உள்ளிட்ட ஊர்த் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். கிடைத்த பாராட்டைத் திருப்பிக் கொடுப்பது ஊருக்கே அவமானம் என்று முடிவாயிற்று. அன்றிரவு சாப்பிடும்போது மாமா என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "ஊர் விஷயம் ஊர் எல்லையைத் தாண்டுச்சுன்னா, தாண்ட வச்சவங்களும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். என் வீட்டு ஆளா இருந்தாலும் சரி." அப்பா இறந்தபின் நாங்கள் மாமா வீட்டில்தான் இருக்கிறோம். எங்களுக்கு வேறு வீடு இல்லை. மாமா கெட்டவர் அல்ல. அந்தச் சுனாமியில் தண்ணீரிலிருந்து ஆட்களை இழுத்துக் கரை சேர்த்தவர். சேற்றிலிருந்து மணியைத் தோண்டி எடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதனால்தான் எனக்கு இது புரியவே இல்லை.

9. வரைபடம் மாறியபின் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளத்துக்கு ஓடப் பழக்குகிறார்கள். பெனிக்கு ஆறு வயது. நேற்று முழங்காலெல்லாம் சேறாக வந்து, "அக்கா, நாந்தான் ஃபர்ஸ்ட்டு! அலையால என்னைப் பிடிக்கவே முடியாது!" என்றான். அவன் சொன்னதைச் செய்கிற பிள்ளை. பலகையும் நட்டுவிட்டால், அலை வரும் நாளில் எல்லோருக்கும் முன்பாக அங்கே போய் நிற்பான்.

10. ஆகவே தாங்கள் வெள்ளிக்கிழமைப் பலகையை நிறுத்தி, ஓர் அலுவலரை நேரில் அனுப்பி, சங்குக்கு முன்பாகக் கடற்கரையிலிருந்து மேடுவரை நடந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நடந்தால் அவரே வேலிக் கதவில் முட்டிக்கொள்வார். அந்தப் பூட்டை எடுக்க உத்தரவிட வேண்டும். எல்லாம் தங்கள் அலுவலகமே கண்டறிந்ததாக இருக்கட்டும்.

11. சான்றாக என் இருப்பிடக் கோட்டை இணைத்துள்ளேன். அதைப் பிறருக்குக் காட்ட நேர்ந்தால் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிடுங்கள். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. பெயரில்லாத புள்ளிகளில் நான் என் தம்பியைக் கண்டுகொள்ளவில்லையா? தினமும் காலையில் அபேலு வீட்டிலிருந்து கிளம்பிப் பள்ளிக்குப் போகிற கோடு யாருடையது என்று ஊரில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

12. தபால் மாமாவின் கடை வழியாகப் போவதால், சாமான் அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் எழுதுகிறேன். இருப்பிடப் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறேன். பதில் அனுப்ப வேண்டாம். இந்தக் கைப்பேசியை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை பலகை வராவிட்டால் அதையே தங்கள் பதிலாக எடுத்துக்கொள்வேன்.

இடம்: வாய்தோலு
நாள்: செவ்வாய் இரவு

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள

ஐயா, கதவைத் தட்டுகிறார்கள். மாமா. "உள்ளே யாரு? வெளிச்சம் தெரியுது" என்கிறார்.

இனி ஒளிப்பதற்கில்லை; பதினோராவதில் கேட்டதை விட்டுவிடுங்கள். கோட்டை வெட்ட வேண்டாம், முழுதாக வையுங்கள். அது தொடங்குகிற வீட்டில்தான் வேலிச் சாவி இருக்கிறது.

ஃபுவாதினோ