மாடியில் ஒரு பேசின்

ஜூன் 17, செவ்வாய். நோர்வூட்.
பேசினைச் சுவரில் பூட்டியாச்சு! தலையைச் சாய்ச்சு வைக்கக் கழுத்துப் பள்ளம் உள்ள, வெள்ளை வெளேர்னு ஒரு பேசின். நுவரெலியாவில் யார் யாரோட சலூன்லயோ தலை கழுவினவ நான். இனி இது என் சலூன். அடுத்த வாரச் சனிக்கிழமை டிலுக்ஷி டீச்சருக்குக் கல்யாணம் – என் முதல் பொண்ணலங்காரம். சும்மா குழாயைத் திறந்து திறந்து மூடுறேன். பைத்தியமா எனக்கு? இருக்கட்டும்.

ஜூன் 19, வியாழன்.
பேசின் நிறையத் தண்ணி பிடிச்சு, அடைப்பை இழுத்தேன். ஒரே மூச்சில் இறங்கிச்சு. கை தட்டினேன். கீழே செரீபா அக்கா அலறினாங்க. வீட்டுச் சொந்தக்காரங்க; கீழ்க் குசினியில் ஏலக்காய் போட்டு ஓடருக்கு வட்டிலப்பம் அவிக்கிறவங்க. ஓடிப் போய்ப் பார்த்தா, அவங்க சிங்க் 'களக் களக்'னு கொப்புளிக்குது. அப்புறம் ஒரு நாத்தம் – கான் நாத்தம், சாக்கடையே வீட்டுக்குள்ள வந்த மாதிரி!

"வட்டிலப்பம் வாங்க வாறவங்க மூக்கப் பொத்திக்கிட்டா வருவாங்க? இன்னொரு தரம் இப்பிடி ஆச்சு, பேசினக் கழட்டிரு புள்ள."

அழுகை வரணும். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அந்த சிங்க் போட்ட சத்தத்துக்கு. அக்காவுக்கு இன்னும் கோபம். ஐயோ றொசானா, உனக்கு வாயை மூடத் தெரியாதா?

ஜூன் 20, வெள்ளி.
கழட்டினா? கல்யாணப் பொண்ணுக்கு வாளியும் கோப்பையுமா?

ஜூன் 22, ஞாயிறு.
பேசின் பூட்டின குழாய் வேலைக்காரர் சிவசாமி பாஸ் வந்தார். எல்லாம் காத்தோட வேலையாம். மேல இருந்து மொத்தமா இறங்குற தண்ணி பின்னாலயே காத்தை இழுக்குது. வேற வழி இல்லாததால, கீழ் சிங்க் வழியா இழுக்குது. அந்த சிங்க்குக்கு அடியில, வளைஞ்ச குழாய்ல நின்னு நாத்தத்தை மறிக்கிற தண்ணியும் அதோட போயிடுது.

"காத்துக்கு வழி வைக்காதது என் பிழைதாம்மா."

இறங்குற பைப்பை அப்படியே மேல நீட்டி, கூரைத் தகரத்தைத் தாண்டித் திறந்து விட்டார். தூறல்ல நனைஞ்சுக்கிட்டு நான் ஏணியைப் பிடிச்சேன். அப்புறம் சோதனை. நான் மேல, அக்கா கீழ.

"விடவா அக்கா?"

"விடு!"

தண்ணி போச்சு. கீழ சத்தமே இல்லை.

"அக்கா?"

ம்ஹூம்.

"அக்காஆ!"

"என்னா புள்ள கத்துற? இன்னும் விடலியா நீ?"

தையத்தக்கானு குதிச்சேன்.

"மேல ஆடாத, சுண்ணாம்பு கொட்டுது!" – ஆனா சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாங்க. கேட்டுச்சு.

ஜூன் 28, சனி.
டிலுக்ஷி டீச்சர் தலையில் நுரையோட தூங்கியே போயிட்டாங்க! அலசு அலசுனு அலசினேன். கீழ இருந்து ஏலக்காய் வாசம் மட்டும்தான் வந்துச்சு. பொண்ணை ஏத்திக்கிட்டு வேன் கோயிலுக்குப் போனதும் தரையைக் கூட்டிக்கிட்டு இருந்தேன். படியில் காலடிச் சத்தம். செரீபா அக்கா. உள்ளே வந்து சுத்திப் பார்த்தாங்க.

"ஆம்பளைங்க யாரும் வருவாங்களா?"

"இல்லக்கா. பொம்பளைங்களுக்கு மட்டுந்தான்."

"அப்ப கதவச் சாத்து."

முக்காட்டை எடுத்து ஆணியில் மாட்டிட்டு, பேசின்ல தலையைச் சாய்ச்சாங்க. நல்ல நீள முடி. பாதி நரை. சுடுதண்ணியை மெதுவா ஊத்தினேன்.