முட்டி பாஸ்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் உடம்பும் முட்டியும் எப்படி இருக்கின்றன? இது நானே எழுதியது. என்னைக் கைநாட்டு என்று கேலி செய்த வாயால் இதை இரண்டு முறை வாசி.

நான் கூட்டித் துடைக்கும் ஆபீசில், பல நாட்டு ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை ஒன்றாகச் சேர்த்து, செயற்கை மூட்டு எத்தனை வருடம் தாங்கும் என்று முன்கூட்டியே கணிக்கிறார்கள். நேற்று சுவரில் ஒட்டிய பட்டியலை எழுத்துக்கூட்டி வாசித்தேன். யாரும் சொல்லித்தராமல் முழுசாக! சீக்கிரம் கழன்றுபோகும் மூட்டுகளில் மூன்றாவதாக, உனக்குப் பொருத்திய முட்டிக்கு ஆஸ்பத்திரியில் தந்து, நான் சட்டைப்பையில் வைத்திருக்கும் அட்டையில் உள்ள அதே பெயர், அதே எண்.

கணக்குப் போடும் அம்மாவிடம் கேட்டேன்.

"அதுவா? எட்டு வருஷம் தாண்டுனா அதிசயம், தாத்தா."

"அதுக்குள்ள ஆளே போயிட்டா?"

"முட்டி கடைசிவரைக்கும் நின்னுச்சுன்னு எழுதிக்குவோம். ஆள் அவுட்டு, முட்டி பாஸ்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யார் முட்டி என்று சொல்லவில்லை.

உனக்கு இது எட்டாவது வருடம். ஆபரேஷன் அன்று சம்மதத் தாளை வாசிக்காமல் கட்டைவிரலை வைத்தவன் நான்தான். பயப்படாதே. மாடிப்படி ஏறாதே. திங்கட்கிழமையே டாக்டரிடம் போய்ப் படம் எடு. என் பழைய கண்ணாடியை அனுப்பு, எழுத்து கலங்கித் தெரிகிறது.

மேஸ்திரி கத்துகிறான், நிறுத்துகிறேன். அந்த முட்டி பாஸாக வேண்டாம். ஃபெயிலாகித் தொலையட்டும். நீ இரு.

உன் கைநாட்டு