சோதனைக்காரர் வேஷம் போட்ட லேப்டாப்

திங்கள். விடிந்ததிலிருந்து மழை. தெஹியோவிட்ட பஸ் வரவே இல்லை.

வெட்கக்கேடு ஒன்று. ஆறு மாதமாக என் மென்பொருளை நான் சரியாகச் சோதிக்கவே இல்லை. சோதித்ததாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது வேறு.

தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலை எடை போட்டதும் வரும் சீட்டு சிங்களத்தில் மட்டும். தமிழிலும் வேண்டும் என்று கேட்டவள் பால் வெட்டும் என் மச்சினி புஷ்பம். அதற்கான மென்பொருள் பொதி என் கைவேலை. வெள்ளிக்கிழமை தோட்டத்து மேனேஜர் தொரை முன்னால் ஒரே ஒரு ஒத்திகை. சொதப்பினால் தமிழ்ச் சீட்டு அவ்வளவுதான்.

நிரலையெல்லாம் சேர்த்துப் பொதியாகக் கட்டும்போது அது முதலில் பார்ப்பது: இது தானியங்கிச் சோதனை மெஷினா? சி.ஐ. என்ற குறி இருந்தால் ஆமாம். அங்கே பிரிண்டர் இல்லை, அதனால் அச்சுச் சோதனையை விட்டுவிடும். புத்திசாலி ஏற்பாடு. என் ஏற்பாடு.

அதே குறியை என் லேப்டாப்பிலும் எப்போதோ போட்டு வைத்தவனும் நானே! கட்டும்போது தொணதொணவென்று கேள்வி கேட்கிறதே என்று. ஆறு மாதமும் அச்சுச் சோதனை நடக்காமலே எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

செவ்வாய். தூறல். குறியை எடுத்தேன். உடனே சிவப்பு. தமிழ் எழுத்துருவைப் பொதிக்குள் வைக்கவே இல்லை. சீட்டு முழுக்கக் கட்டம் கட்டமாக.

புஷ்பம் எட்டிப் பார்த்தாள். "என்னா மச்சான், எம் பேர பிஸ்கட் மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்க?"

விளக்கினேன். விழுந்து விழுந்து சிரிப்பு. "தோட்டத்த செக் பண்ணி சர்டிபிகேட் குடுக்கிறவங்க வேன் கேட்ல திரும்புனா நாங்க எல்லாம் கிளவுஸ் மாட்டிக்குவோம். உங்க பொதி தலைகீழுங்க. செக் பண்ற ஆளப் பாத்ததும் வேலைய விட்டுட்டு உக்காந்துக்கிது."

புதன். வெயில்!
எழுத்துரு பொதிக்குள்: ஆச்சு.
சோதனையை விட்டால் கொட்டை எழுத்தில் சொல்ல வைப்பது: ஆச்சு.
முடி வெட்ட: இல்லை.

மாலை, உண்மையான பச்சை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு. தேங்கா துருவுங்க."

வெள்ளி. இளவெயில். ஸ்டோர் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி பொதியை ஏற்றினேன். புஷ்பத்தின் வாளி முதலில். சீட்டு வந்தது. தமிழ்! பெயர், கிலோ எல்லாம் சத்தமாக வாசித்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்: "எனக்கும் அடிங்க!" தொரை: "ஹொந்தாய், நல்லாருக்கு. திங்கக்கிழமைல இருந்து இதுதான்." நெஞ்சை நிமிர்த்தியபடி வீடு வந்தேன்.

லேப்டாப்பில் செருகிப் பார்த்தால், பென் டிரைவில் இருப்பது எழுத்துரு இல்லாத போன மாதத்துப் பொதி. பிறகு எப்படித் தமிழ் வந்தது என்று ஸ்டோர் கிளார்க்குக்குப் போன் போட்டேன். மகளுக்குத் தமிழ் வினாத்தாள் அச்சடிக்க ஸ்டோர் கம்ப்யூட்டரில் நேற்றே தமிழ் எழுத்துரு போட்டாராம்.