மின்சாரம் தாக்கி

மார்ச் 4, செவ்வாய்
செய்தி திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போனது. மின்சாரம் தாக்கி இன்றும் ஒருவர் பலி, இன்னொருவர் காயம். இந்தத் தலைப்பெல்லாம் என் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு.
சாயங்காலம் அண்ணன் வந்து மிக்சியைப் பிரித்துப் போட்டான். “ஷாக் அடிச்சா நான் பொறுப்பில்ல, உன் மிக்சியையே கேட்டுக்கோ” என்றான். சரியான வாய்.

மார்ச் 6
மில்லில் அண்ணனோடு வேலை பார்க்கும் இன்னொரு எலக்ட்ரீஷியன் போன் செய்தார். “அண்ணனுக்கு ஷாக் அடிச்சிடுச்சும்மா. ஆஸ்பத்திரிக்கு வாங்க.”
ஷாக்தானே என்றிருந்தது. எனக்கும் அடித்திருக்கிறது, கையை உதறிவிட்டுச் சிரிப்போமே, அதுதானே? மேஜைமேல் இருந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.
போய்ப் பார்த்தால் — டீயைக் குடிச்சிட்டுப் போனேனே, பாவி.

மார்ச் 7
எங்கள் பேப்பரிலேயே வந்துவிட்டது. ‘கவனக்குறைவு: மின்சாரம் தாக்கி எலக்ட்ரீஷியன் பலி’. மில் மேனேஜர் சொன்னதை வைத்துப் பக்கத்து மேஜைக்காரர் போட்ட தலைப்பு. நானாக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.
அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். “அவர் கவனமில்லாத ஆளா?”
வீட்டில் பல்பு மாற்றக்கூட மெயினை அணைக்காமல் ஏறமாட்டான். அங்கே மட்டும் எப்படி? ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் 8
தாக்கி என்றால்? ஒளிந்திருந்து பாய்ந்ததா? அதற்கென்ன கையா, காலா?

மார்ச் 11
ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை அண்ணி இன்றுதான் பிரித்தாள். உள்ளே அவன் சட்டைப்பையில் ஃப்யூஸ் கட்டை. அவன் வழக்கமே அதுதான். மேலே ஏறும்முன் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வான். அவன் இறங்கும்வரை அந்த லைனில் கரண்ட் வராது.
பிறகு எப்படி வந்தது? அண்ணிதான் சொன்னாள். “வேற கட்டையைச் சொருகியிருக்காங்க.”

மார்ச் 12
அன்று போன் செய்த எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். “மிஷின் நிக்குதேன்னு சூப்பர்வைசர் வந்து பாத்தாரு. கட்டை தொலைஞ்சிடுச்சுன்னு நினைச்சு வேற போட்டுட்டாரும்மா.”
எது அவனைக் காப்பாற்ற வேண்டுமோ, அதைத் தொலைந்துபோனது என்று நினைத்தாராம். யார்மேல் கோபப்படுவது? சூப்பர்வைசரும் அழுகிறாராம். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மார்ச் 14
கட்டையை ஆசிரியரின் மேஜைமேல் வைத்தேன். நாளைக்குத் திருத்தம் வரும். ‘கவனக்குறைவு’ போய்விடும். ‘மின்சாரம் தாக்கி’ இருக்கும். அதற்கு வேறு சொல் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 2
நிருபர் செய்தி அனுப்பியிருந்தான். கட்டட வேலையில் ஒருவர். கை தானாகவே அதே தலைப்பை அடித்துவிட்டது. அழித்தேன். போன் போட்டு, கரண்டை யார் போட்டது என்று கேட்டேன்.
“அதெல்லாம் யாரு கேப்பாங்க, அக்கா? பக்கத்தை முடிக்கணும்ல?”
“நான் கேக்குறேன். விசாரிச்சுட்டுச் சொல்லு.”
அவன் திரும்பக் கூப்பிடும்வரை மேஜைமேல் டீ அப்படியே இருந்தது.