வெள்ளிக்கிழமைச் சம்பல்

2025 பெப்ரவரி 10, திங்கள்

லொறி வீட்டு வாசலில் நிற்கிறது. நீக்கிலாப்பிள்ளை அண்ணை இவ்வளவு காலம் மீன் ஏற்றிய லொறி. கடைசி மூன்று வருடம் அதை ஓட்டியவர் என் மனுசன் ஜெனிஸ்ரன். அண்ணை தொழிலை விட்டுவிட்டு மகளோடு இருக்கக் கனடா போகிறார். அதனால் இவருக்கு வேலை போய்விட்டது, எங்களுக்கு லொறி வந்துவிட்டது. பாதி விலைக்குத்தான் தந்தார். இருந்தாலும் என் காப்பு இரண்டும் போய்விட்டன. கை இலேசாக இருக்கிறது. மா குழைக்க வசதிதான்.

குருநகரில் பாதிப் பேர் வந்து சுற்றிப் பார்த்தார்கள். அம்மாவும் வந்தாள். "உதுக்குள்ளை நிண்டோ சமைக்கப் போறாய்?" என்றாள். ஓம் அம்மா, உதுக்குள்ளைதான்.

பெப்ரவரி 13, வியாழன்

மீன் மணம் போகவில்லை. தேசிக்காய் போட்டுத் தேய்த்தோம், சவர்க்காரத் தூள் போட்டோம், கடைசியில் சாம்பிராணி காட்டினோம். இப்போது சாம்பிராணி போட்ட மீன் மணக்கிறது.

பெப்ரவரி 19, புதன்

பக்கத் தகரத்தில் யன்னல் வெட்டியாயிற்று. ஆள் பிடித்தால் செலவு என்று ஜெனியே வெட்டினார். ஒரு பக்கம் சரிவு. வாங்க வருகிறவர்கள் தலையைச் சரித்துப் பார்த்தால் நேராகத் தெரியும்.

சாப்பிடும்போது அந்த வெளிநாட்டுக் கதை மறுபடி வந்தது. கட்டாரில் சாரதி வேலை இருக்கிறதாம், பாஸ்போட்டை ஏஜென்சியில் கொடுத்து வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லாமல் கொடுத்தது போன மாதம். இன்றுதான் வாயால் வந்தது.

"உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பாப்பம், லவீ. வண்டி ஓடினால் ஓடட்டும். ஓடாட்டில் நான் போறன். நீர் அழக்கூடாது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? முதல் தடவை நாலு வருடம் போனவர். திரும்பி வந்த அன்று ஜெசிதா கதவுக்குப் பின்னால் நின்று, "அம்மா, ஒரு மாமா வந்திருக்கிறார்" என்றாள். ஐந்து வயதுப் பிள்ளை, தகப்பனை மாமா என்றது. அவர் சிரித்துச் சமாளித்தார். பிறகு கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவினார். எனக்கு அது இன்னொரு தடவை வேண்டாம். உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

பெயின்ரர் கிறிஸ்துநாயகம் யன்னலுக்குக் கீழே "கடல் உணவு" என்று எழுதி, பக்கத்தில் சிவப்பாக ஓர் இறாலும் வரைந்துவிட்டுப் போனார். இறால் நாய்க்குட்டி அளவு. கேட்டதற்கு, "தூரத்திலை வாறவனுக்கும் தெரிய வேணுமெல்லோ" என்றார்.

இடமும் சரி. சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில், அனுமதியோடு. யாழ்ப்பாண நகரத்தில் கடைக்கு மேல் கடை. சுன்னாகத்தில் விடிய நாலு மணிக்கே வெங்காயமும் மரக்கறியும் வந்து இறங்குகின்றன, இறக்குகிறவர்களுக்குப் பசிக்கும். அங்கே கணவாய்க் கறியும் புட்டும் கொடுக்க ஒருவரும் இல்லை.

நாளும் பார்த்தாயிற்று. வருகிற வெள்ளி. மாதத்தின் முதல் வெள்ளி, திருஇருதய ஆண்டவரின் நாள். எங்கள் வீட்டில் வள்ளம் இறக்கினதும் முதல் வெள்ளி, என் கலியாணம் பேசினதும் முதல் வெள்ளி. அதோடு தவக்காலம் தொடங்குகிறது. தவக்கால வெள்ளியில் இறைச்சி சாப்பிட மாட்டோம், மீன்தான் சாப்பிடுவோம். வெள்ளிக்கிழமை, கடல் உணவு. இதைவிடப் பொருத்தம் வேறு உண்டா? என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

நான் ஒரு முழு மொக்கு.

ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். யன்னலைத் திறந்தோம். கணவாய்க் கறி, இறால் பொரியல், மீன் ரோல்ஸ், புட்டு. மணம் சந்தை முழுக்கப் போனது. ஆட்கள் வந்தார்கள். எட்டிப் பார்த்தார்கள். இறாலைப் பார்த்தார்கள். போனார்கள்.

ஆறரைக்குத்தான் வெங்காய வியாபாரி ஒருவர் கிட்ட வந்தார். நெற்றி நிறைய திருநீறு. நாகலிங்கம் ஐயா, புத்தூர்க்காரர்.

"பிள்ளை, எந்த ஊர் நீர்?"

"குருநகர், ஐயா."

"அதுதானே பாத்தன். இண்டைக்கு வெள்ளி, பிள்ளை. இந்தச் சந்தையிலை முக்கால்வாசிப் பேர் மீன் மச்சம் சாப்பிடாயினம்."

தெரியாத விசயமா? பிறந்ததிலிருந்து தெரிந்த விசயம். பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளை வெள்ளிக்கிழமையில் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டால் தள்ளி இருப்பாள். வெள்ளி என்றால் மீன் என்று எங்கள் கோயில் கணக்கைப் போட்டேனே தவிர, அவர்கள் கணக்கை நினைக்கவேயில்லை.

இன்று இரவு குருநகரில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கணவாய்க் கறி. இலவசம்.

மார்ச் 8, சனி

எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. நேற்று எட்டிப் பார்த்துப் போன அதே முகங்கள். ஒருவர் நின்ற நிலையில் மூன்று ரோல்ஸ் தின்றுவிட்டு, "நேற்று முழுக்க உந்த மணத்தோடை வேலை செய்தனான் தங்கச்சி, சித்திரவதை" என்றார்.

மார்ச் 12, புதன்

ஐந்து நாள் நல்ல வியாபாரம். ஆனால் வெள்ளிக்குத்தான் சந்தையில் பெரிய கூட்டம். அந்த ஒரு நாளை விட்டால் கையைக் கடிக்கும் என்கிறார் ஜெனி. இனிப் பங்குனித் திங்களும் வருகிறது, அதுவும் பலருக்கு விரதம்.

நாகலிங்கம் ஐயாவிடம் கேட்டேன். "வெள்ளிக்கு மரக்கறி சமைச்சால் சாப்பிடுவியளோ?"

அவர் யோசித்தார். "சட்டி வேறையோ?"

"வேறை வாங்கிறன், ஐயா."

"அகப்பை?"

"அதுவும்."

"அப்ப பாப்பம்."

அம்மாவுக்குச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "சட்டி மாத்தினாப் போலை அவையள் எங்கடை கையாலை விரதச் சாப்பாடு சாப்பிடுவினம் எண்டு நினைக்கிறியோ?" என்றாள். அம்மா பழைய காலத்தை வைத்துக் கதைக்கிறாள். முழுக்கப் பழையது என்றும் சொல்ல முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

எங்கிருந்து தொடங்க?

புதுச் சட்டி, புது அகப்பை, புது இடியப்பத் தட்டு. இறாலின் மேல் பழைய போர்வை ஒன்றைக் கட்டி மூடினோம். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சம்பல். எல்லாம் ஏழரைக்கு முடிந்தது, சம்பலில்தான் கொஞ்சம் மிச்சம். முப்பத்தெட்டுப் பேர். நாகலிங்கம் ஐயா அங்கே சாப்பிடவில்லை. பூசை முடித்து மத்தியானம் மனைவியோடு சாப்பிட என்று இரண்டு பார்சல் கட்டிக்கொண்டு போனார். வானத்தில் பறந்தேன்.

திரும்பி வரும் வழியில் மருதனாமடத்தில் நிறுத்தி, மிச்சச் சம்பலைப் பாணோடு தின்றோம். ஜெனி வாயில் வைத்ததும் சொன்னார்:

"லவீ, சம்பல் திறம். உந்த மாசி எங்கை வாங்கினனீர்?"

மாசி. அவித்துக் காயவைத்த சூரை மீன். எங்கள் வீட்டுச் சம்பலுக்குள் அது உப்பு மாதிரி. உரலில் தேங்காய்ப்பூ போட்டால் கை தானாக மாசி டப்பாவுக்குப் போகும். அம்மாவும் அப்படித்தான், ஜெனியின் தாய் மரியநாயகி மாமியும் அப்படித்தான். அதை நாங்கள் மீன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. சட்டி பார்த்தேன், அகப்பை பார்த்தேன், சம்பலைப் பார்க்கவில்லையே. ஐயோ ஆண்டவரே, விரதக்காரருக்கு மீனைத் தீத்திப்போட்டன்.

"விடும். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் ஜெனி.

"எனக்குத் தெரியும்தானே."

"சொன்னால் நாளைக்கு எங்களைச் சந்தைக்குள்ளை விடாயினம். யோசியும். உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் அஞ்சு கிழமைதான் கிடக்கு."

அது எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர் என்னோடு இருப்பார். திறந்தால் விமானம் ஏறுவார். அப்படித்தான் அந்த நிமிடம் இருந்தது. ஆனால் அந்த இரண்டு பார்சலும் இன்னும் பிரிக்கப்படவில்லை. மத்தியானத்துக்கு நேரம் இருந்தது.

"லொறியைத் திருப்புங்கோ, புத்தூருக்கு" என்றேன். அவர் உடனே திருப்பினார். அதற்காக அவருக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லலாம்.

போனபோது ஐயாவின் மனைவி வாழையிலை கழுவிக்கொண்டிருந்தார். முற்றத்தில் நின்றபடி சொல்லிவிட்டேன். ஐயா மனைவியைப் பார்த்தார். பிறகு அந்த அம்மா கேட்டார்:

"நீர் வந்து சொல்லாட்டில் எங்களுக்குத் தெரிஞ்சிராது, என்ன?"

"ஓம் அம்மா."

"மற்ற ஆக்களுக்குச் சொல்லிப்போட்டீரோ?"

"இல்லை. நாளைக்கு."

பார்சல்களை நாய்க்கு அவிழ்த்து வைத்துவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி போட்டார். நாய்க்குச் சம்பல் மிகவும் பிடித்திருந்தது.

மார்ச் 15, சனி

சொன்னேன். ஒவ்வொருவராகத் தேடிப் போய். முகம் நினைவிருந்தவர்கள் எல்லோருக்கும்.

சிலர் சிரித்தார்கள். ஒருவர் தலையில் கை வைத்தார். வாழைக்குலைக் கடைக்காரர் மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி, "உங்கடை ஆக்களிட்டை வேறை என்னத்தை எதிர்பாக்கிறது" என்றார். எங்கடை ஆக்களாம். மன்னிப்புக் கேக்க வந்தவளுக்கு ஊரையும் சனத்தையும் இழுக்க வேணுமோ? பிழை விட்டது நான். என்னைப் பேசட்டும். லொறிக்குள் போய் வெங்காயம் வெட்டினேன். கண்ணீருக்கு வெங்காயம் நல்ல சாட்டு.

மார்ச் 18, செவ்வாய்

பதினொரு பேர். அதில் இருவர் வழி கேட்க வந்தவர்கள்.

மார்ச் 21, வெள்ளி

சந்தைக்குப் போகவில்லை. பின்னேரம் சிலுவைப்பாதைக்குப் போய் வந்து செருப்பைக் கழற்றும்போது ஜெனியின் குரல் கேட்டது. ஏஜென்சியோடு கதைக்கிறார். "உயிர்த்த ஞாயிறு முடிய எந்த நாளும் சரி, அண்ணை." ஜெசிதா அவர் மடியில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். கோபமும் வரவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 28, வெள்ளி

இன்றும் போவதாக இல்லை. ஆறு மணிக்கு ஃபோன். நாகலிங்கம் ஐயா.

"பிள்ளை, எங்கை நிக்கிறீர்?"

"வீட்டிலை, ஐயா."

"வீட்டிலை என்ன செய்யிறீர்? மனுசி இண்டைக்கு அடுப்பு மூட்டேல்லை. உம்மட்டை எடுப்பம் எண்டு இருக்கிறா."

"ஐயா, நான் அண்டைக்கு..."

"அதாலைதான். மற்றக் கடையளிலை சம்பலுக்குள்ளை என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்? இருபது வருசமா என்னென்ன திண்டமோ எண்டு மனுசி யோசிக்கத் தொடங்கீற்றா. பிழை நடந்தால் உம்மடை வாயாலை வருமாம். கெதியா வாரும்."

மாசி டப்பாவை அம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இடியப்பம் பிழியத் தொடங்கினேன். சந்தைக்குப் போகும்போது எட்டரை. இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் சம்பலை முதலில் மணந்து பார்த்தார்கள். மணக்கட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஐம்பத்தாறு. போர்வை காற்றில் பறந்து இறால் வெளியே வந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒருவரே ஓடிப்போய் மூடிவிட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

இருப்பு முடிந்தபின்னும் ஆட்கள். வாழைக்குலைக் கடைக்காரர் தான் வரவில்லை, தன் வேலையாளை அனுப்பி நாலு பார்சல் எடுத்தார். நான் ஐந்தாவதாக ஒரு வடையும் வைத்துக் கட்டினேன். மனதார வைத்தேன் என்று பொய் எழுத மாட்டேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

நாளை எங்களுக்குப் பெரிய வெள்ளி, கடை இல்லை என்று சொன்னேன். "வெள்ளிக்கிழமையிலை லீவு விட்டால் நாங்கள் எங்கை போறது?" என்று சண்டை பிடிக்கிறார்கள். இதே சந்தைதான்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

பூசைக்குப் போனோம். மூவரும் ஒரே வாங்கில். இன்றைய கெடுவைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை என்பதுதான் உண்மை.

மே 6, செவ்வாய்

பின்னேரம் உழுந்து கழுவிக்கொண்டிருந்தேன். ஜெனி லொறிக்குக் கீழே படுத்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஃபோன் அடித்தது. கை முழுக்க எண்ணெய், ஜெசிதாவைப் பிடிக்கச் சொல்லிக் கதைத்தார். ஏஜென்சிக்காரன். வேலை சரியாம், வெள்ளிக்கிழமை மெடிக்கலுக்குக் கொழும்புக்கு வரட்டாம்.

என் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"வெள்ளிக்கிழமை ஏலாது, அண்ணை" என்றார் லொறிக்கு அடியிலிருந்து. "அண்டைக்குத்தான் எங்களுக்கு யாவாரம்."

அந்தப் பக்கத்தில் வேறு நாள் கேட்டிருக்க வேண்டும்.

"இல்லை அண்ணை, மெடிக்கலுக்கில்லை. பாஸ்போட்டைத் திருப்பி எடுக்க ஒரு நாள் வாறன். வெள்ளி மட்டும் சொல்லாதேங்கோ."

நான் உழுந்தை இன்னொரு தரம் கழுவினேன். ஏற்கெனவே மூன்று தரம் கழுவியது.