கோரையை வெட்ட உயர்ந்த கை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு, அதில் இன்றைக்கும் மாற்றம் இல்லை. குட்டிக்கு முன்பல் விழுந்த படத்தைக் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டியாயிற்று, சட்டைக்கு அளவு கொடுக்க வந்த டீச்சர் தன் அளவை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. பஸ் ஓட்டிய காலத்தில் ஹாரனைத் தேய்த்தவர் இப்போது தொண்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார், நல்லவேளை அது ஓய்ந்தது. தையல் மிஷின் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுகிறது, காலால் மிதித்துத்தான் ஓட்டுகிறேன். மாடியில் இருந்த நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள், வீடே வெறிச்சென்று இருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மற்றதைச் சொல்லத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்தே படி.

நம் தெருக்கோடி ஏரியைச் சுற்றிச் சிமென்ட் சுவர் எழுப்பி, மேலே நடைபாதை போட்டு, விளக்குக் கம்பம் நட நகராட்சி முடிவு பண்ணியிருக்கிறது என்று உனக்குச் சொல்லியிருந்தேன். அதற்குக் கரையோரக் கோரையையும் நாணலையும் முழுக்க வழித்து எடுக்க வேண்டும். ஏரிக் குழு ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்கும் என்பதால் பள்ளிக்கூட நூலக அறையில் கூட்டம் போட்டார்கள். நகராட்சிப் பொறியாளர் சுவரில் படம் காட்டினார், படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள், தண்ணீர் நீலமாக இருந்தது, ஒரு பறவையைக் காணோம். குழுவில் நாங்கள் ஏழு பேர். மருந்துக்கடைக்காரர் பக்கம் மூன்று பேர் வேண்டும் என்றார்கள், எங்கள் பக்கம் மூன்று பேர் வேண்டாம் என்றோம், ஏழாவது ஆள் உன் அப்பா. எனக்கு ஒரு கவலையும் இல்லை. பத்து வருஷமாக என்னோடு பிளாஸ்டிக் பொறுக்கியவர், சாக்கடை வாய்க்கு வலை கட்டியவர், என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். கையைத் தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்று தூக்கினார் அப்பா. முதலில் பொத்தான் கழன்ற சட்டைக்கையைச் சரிபண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். மருந்துக்கடைக்காரர் "டிரைவர் சார், யோசிச்சுத்தானே தூக்குறீங்க?" என்று அவரே நம்ப முடியாமல் கேட்டார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை, "யோசிச்சுத்தான்" என்றார். அத்தனை பேர் முன்னால் என்ன பேச? பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அவர் சமையலறையில் இருந்தால் நான் கடையில், நான் உள்ளே வந்தால் அவர் வாசலில். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவேன், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். கல்யாணமான புதிதில்கூட அவர் தட்டைக் கழுவியதில்லை. நாலாம் நாள் எனக்கே பொறுக்கவில்லை, "நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன், இப்படி முதுகுல குத்துறதுக்கு?" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "என்னை மட்டும் கேக்காத. உன் பிள்ளைதான் சொன்னான். அம்மா போன மழைக்கு கைய உடைச்சுக்கிட்டாங்க, அடுத்து இடுப்ப உடைச்சுப்பாங்க, சுவரைக் கட்டிட்டா தண்ணில இறங்க மாட்டாங்க, நீங்க ஒத்துக்கோங்கப்பான்னு வாரா வாரம் சொன்னான். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார்.

அப்பா மேல் இருந்த கோபம் அந்த நிமிஷமே பாதியாகிவிட்டது, மீதி எங்கே போனது என்று உனக்குத் தெரியும். நான் கடையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் இருவரும் காதும் காதும் வைத்தமாதிரி பேசி முடித்திருக்கிறீர்கள். எனக்கு நல்லது செய்கிறீர்களாம். சாக்கடைத் தண்ணீரைக் கோரைதான் வடிகட்டுகிறது, அதன் வேரில்தான் அழுக்கு தங்குகிறது, அதை வெட்டினால் ஏரி குட்டையாகிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? கல்லூரியில் நீர்நிலைகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, இதே சாப்பாட்டு மேஜையில் படம் போட்டுக் காட்டினாய். சுவர் கட்டினால் ஆமை முட்டையிடக் கரையேற முடியாது என்றும் நீதான் சொன்னாய். தெரியாதவன் செய்திருந்தால் வைதுவிட்டுப் போயிருப்பேன். நீ தெரிந்தே செய்தாய். இன்னொன்றும் கேள். நான் கையை உடைத்துக்கொண்டது சேற்றில் இல்லையப்பா, நகராட்சி கட்டிவிட்ட சிமென்ட் படியில், பாசி வழுக்கி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போன வாரம் இயந்திரம் வந்தது. முதல் நாளே தென்கரையை மொட்டையடித்துவிட்டார்கள். சாக்கடை வாயிலிருந்து நுரை இப்போது தடையில்லாமல் நடு ஏரிவரைக்கும் போகிறது, காற்றடித்தால் நாற்றம் என் கடைக்குள் வருகிறது, டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அளவு கொடுக்கிறாள். அடுத்த நாள் வடகரைக்கு வந்தபோது நான் கோரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். வீரமெல்லாம் இல்லை, ஒரு கையால் நாணலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இயந்திரம் ஓட்டுபவர் இறங்கி வந்து, "அம்மா, நான் கூலிக்கு ஓட்டுறவன், என்னை ஏன் வம்புல மாட்டிவிடுறீங்க?" என்றார். நான் ஒன்றும் வாதாடவில்லை, உள்ளே கையைக் காட்டினேன். முக்குளிப்பான் பறவை ஒன்று கோரைத்தண்டில் கட்டிய மிதக்கும் கூட்டிலிருந்து எழுந்து, அவசர அவசரமாகப் பாசியை இழுத்து முட்டைகள் மேல் போட்டு மூடிவிட்டு முங்கியது. அவர் குனிந்து எட்டிப் பார்த்தார். "முட்டையா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய் எஞ்சினை அணைத்தார், பொறியாளருக்குப் போன் போட்டார். பொறியாளர் வருவதற்குள் உன் அப்பா வந்துவிட்டார், வெயிலில், தலையில் நாற்காலியைச் சுமந்துகொண்டு. என் பக்கத்தில் போட்டார். உட்கார்ந்துகொண்டேன். அவரும் நிழலுக்குப் போகாமல் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.

கூடு இருக்கும் காலத்தில் கலைக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம், பொறியாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார். குஞ்சுகள் போகும்வரை வடகரையைத் தொட மாட்டார்கள், அதற்கப்புறம் தொடுவார்கள். அப்பா மருந்துக்கடைக்காரரிடம் போய், அன்றைக்குத் தூக்கிய கையை இறக்கிக்கொள்கிறேன், மறுபடி கூட்டம் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். தூக்கிய கை தூக்கியதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் நின்ற மற்ற இருவரும் நானும் வீடு வீடாகப் போய் நுரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். கேட்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியாது. தென்கரையில் சுவருக்குப் பள்ளம் தோண்டியாகிவிட்டது, அது இனி திரும்பாது.

நீ எங்கள் இருவருக்கும் விமான டிக்கெட் அனுப்பியிருந்தாய். அப்பா மட்டும் வருவார். குஞ்சு பொரிக்கும் நேரத்தில் நான் இங்கே இருக்க வேண்டும் என்று மருமகளிடம் சொல், அது பொய் இல்லை. உன்னிடம் மட்டும் முழுதும் சொல்கிறேன், உன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் போய்விடும், அது அவ்வளவு சீக்கிரம் போவதில் எனக்கு இஷ்டமில்லை. அப்பாவைத் திட்டாதே, விமான நிலையத்துக்கு நேரத்தோடு போ, அவருக்கு அந்த ஊர்ப் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. குட்டிக்குத் தைத்த கவுன் அவர் பெட்டியில் இருக்கும், மடிப்பைப் பிரித்தால் அடுத்த வருஷமும் போடலாம். நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதற்குக் குறைவாக நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. இனிமேல் என்னைப் பற்றி ஏதாவது முடிவு பண்ண வேண்டுமென்றால் கடை நம்பருக்குப் போன் போடு, எடுப்பது நான்தான்.

ஆசிகளுடன்,
உன் அம்மா